சுவருக்கு இந்தப் பக்கம்

ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹவுஸ்ஹோஃபர் 1963இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘சுவர்’ நாவலை ஷான் வைட்சைடின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். உலகம் அழிந்த பின் மிஞ்சியவர்களைப் பற்றிய கதைகளில் பெரும்பாலும் கொள்ளைக் கூட்டமும் துப்பாக்கிச் சண்டையும் வந்துவிடும். இதில் புல் அறுப்பதும் உருளைக்கிழங்கு தோண்டுவதும் பால் கறப்பதும்தான் பக்கம் பக்கமாக வருகின்றன.

உறவினர்களுடன் ஆல்ப்ஸ் மலையிலுள்ள வேட்டை விடுதிக்கு வரும் நடுவயதுப் பெண் ஒருத்தி (அவள் பெயர் கடைசி வரை சொல்லப்படுவதில்லை), கிராமத்துக்குப் போன அவர்கள் இரவில் திரும்பாததால் மறுநாள் காலை தேடிக் கிளம்புகிறாள். முன்னால் ஓடிய நாய் லிங்க்ஸ், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் மூக்கை மோதிக்கொண்டு ஊளையிடுகிறது. சுவருக்கு அப்பால், அள்ளிய தண்ணீர் வாய்க்குப் போகும் முன்பே ஒரு கிழவர் கல்லாய் உறைந்திருக்கிறார்.

சுவர் எப்படி வந்தது என்பதற்கு நாவலில் விடை இல்லை. ஏதோ புதிய ஆயுதமாக இருக்கலாம் என்று அவள் நினைக்கிறாள். ஆனால் வென்றவர்கள் எவரும் வருவதில்லை. பனிப்போர்க் காலத்துக் கற்பனைகளில் இதைவிடக் குரூரமான ஊகத்தை நான் படித்ததில்லை.

மரண பயம் இந்த நாவலில் குறைவு. பசு பெல்லாவுக்குக் குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்வரை அவள் நிலைகுலைவதில்லை; வேலை ஓய்ந்து, மீதமுள்ள தீக்குச்சிகள் எத்தனை ஆண்டுக்கு வரும் என்று கணக்குப் போடும்போதுதான், பார்க்க ஒருவருமில்லாத உலகில் தான் மனுஷியாக இருப்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி அவளை அழுத்துகிறது. பித்துப் பிடிக்காமலிருக்கவே எழுதுகிறேன் என்கிறாள். லிங்க்ஸ் இறந்துவிட்டது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், அது துள்ளி விளையாடும் ஒவ்வொரு பத்தியையும் நாம் பதற்றத்துடனேயே படிக்கிறோம். ஆசிரியரின் உத்திகளில் இதுவே ஆகச் சிறந்தது.

குறையும் உண்டு. அத்தியாயப் பிரிவே இல்லாத ஒரே நீண்ட அறிக்கை என்பதால் நடுப்பகுதி சற்று அலுப்பூட்டுகிறது. கோடைக்கால மேய்ச்சல் நிலத்துக்கு இரண்டாம் முறை போகும் பகுதியைச் சுருக்கியிருக்கலாம். முடிவில் வரும் வன்முறையை இங்கே சொல்லப் போவதில்லை. அது சில பக்கங்களிலேயே நடந்து முடிவதைச் சிலர் அவசரம் என்பார்கள். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

2012இல் மார்ட்டினா கெடெக் நடித்த திரைப்படமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நாவலின் வரிகளைப் பின்னணிக் குரலில் ஓயாமல் வாசித்துக்கொண்டே போவதால், புத்தகத்தை முதலில் படிப்பது நல்லது.