கல்லடி மணலில் ஓர் அறுகம்புல் தரை: களைநாசினியும் பசளையும் பற்றிய நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பின் கரையோரத்தில் வீட்டு முற்றம் என்றால் காலையில் கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம்தான் வழக்கம். ஒரு புல் தலைகாட்டினாலும் பிடுங்கி எறியும் ஊரில் புற்றரை வளர்ப்பது சற்றே வினோதமான விருப்பம் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடியில், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் முற்றத்து மணல் விறாந்தையைத் தாண்டி அறைக்குள் வந்துவிடும். அதற்குத் தடையாகவும் பிள்ளைகள் விளையாடுவதற்காகவும் 2014இல் ஏறத்தாழ 4 பேர்ச் பரப்பில், அதாவது 100 சதுர மீற்றரில், அறுகம்புல் நட்டோம். அகன்ற இலையுள்ள மலேசியப் புல்லுக்கு நீரும் நிழலும் அதிகம் வேண்டும். அறுகோ வெயிலையும் மணலையும் ஓரளவு உப்பையும் தாங்கும். வீரமுனையில் வயல் செய்யும் அத்தான் அதைப் பார்த்து, "வரம்பில நாங்க கொத்தி எறியிற அறுகை நீ பசளை போட்டு வளக்கிறாய் மச்சான்" என்று இன்றும் கேலி செய்வார்.

இத்தனை ஆண்டுப் பயன்பாட்டின் பின் என் கணிப்பு இதுதான்: களைநாசினி இருக்கும் களையை அகற்றுமே தவிர, அது விட்டுச்செல்லும் வெற்றிடத்தை நிரப்பாது. அந்த இடத்தை அறுகு பிடிக்குமா, அடுத்த களை பிடிக்குமா என்பதைப் பசளையும் நீரும் புல்லை வெட்டும் உயரமுமே தீர்மானிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு மருந்தும் எதைச் செய்தது என்பதோடு, அதற்குப் பின் தரையில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அகன்ற இலைக் களைகள். தொட்டாற்சுருங்கி, சிறுபுள்ளடி, அம்மான் பச்சரிசி, கோடையில் நெருஞ்சி ஆகியவை எங்கள் தரையில் நிலையாக வருபவை. இவற்றுக்கு நான் பயன்படுத்துவது வயல்காரர்கள் நன்கு அறிந்த எம்.சி.பி.ஏ. என்னும் களைநாசினி. இது 1940களில் பிரித்தானியாவில் உருவான மருந்து. தாவரத்தின் வளர்ச்சி ஓமோனான ஒட்சினைப் போல நடித்து, அகன்ற இலைச் செடியைக் கட்டுக்கடங்காமல் வளரச் செய்து கொல்கிறது. தெளித்த மறுநாளே தண்டு முறுக்கி வளைவதைக் காணலாம். முற்றாகக் கருகுவதற்கு இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். அறுகுக்கு, உரிய அளவில் தெளித்தால், குறிப்பிடத்தக்க சேதம் எதையும் நான் கண்டதில்லை. இலை மென்மையாகவும் பூக்காமலும் இருக்கும் இளம் களையில் இதன் பலன் மிக நன்று. அடிக்கட்டை தடித்துவிட்ட தொட்டாற்சுருங்கி இலைகளை உதிர்த்துவிட்டு மறுபடியும் அடியிலிருந்து துளிர்ப்பதால், அதை மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு தோண்டி எடுப்பதே குறைந்த வேலை.

அளவைப் பற்றி ஒரு விடயம் சொல்லியாக வேண்டும். போத்தலின் லேபலில் உள்ள அளவு வயலுக்கானது, பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் இருக்கும். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதால் 4 பேர்ச் தரைக்கு அதில் 40இல் ஒரு பங்குதான் உரியது. உதாரணமாக ஏக்கருக்கு 800 மில்லிலீற்றர் என்றிருந்தால் நமக்குத் தேவை 20 மில்லிலீற்றர் மட்டுமே. அதை 4 அல்லது 5 லீற்றர் நீரில் கலந்தால் முழுத் தரைக்கும் போதும். வயலுக்குக் கொண்டுபோகும் 16 லீற்றர் தாங்கி இதற்கு வேண்டியதில்லை, கையால் அழுத்தும் சிறிய தெளிகருவியே போதுமானது. மருந்து விற்கும் சில கடைகளில் "ஒரு மூடி கூட ஊத்துங்க" என்று சொல்வார்கள். கூட ஊற்றினால் இலை உடனே கருகி, மருந்து வேர்வரை இறங்கும் முன்பே பாதை அடைபட்டுவிடும் என்பதால் அந்த ஆலோசனையை நான் ஏற்பதில்லை.

தெளிக்கும் காலம் பெப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. எங்கள் மழையின் பெரும்பகுதி நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் பெய்து முடிகிறது. அதனோடு முளைத்த களைகள் பெப்ரவரியில் இன்னும் இளமையாக இருக்கும், மண்ணிலும் ஈரம் இருக்கும், கச்சானும் தொடங்கியிராது. கச்சான் காலத்தில் இந்த மருந்தைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காற்றில் பறந்துபோகும், கண்ணுக்குத் தெரியாத மருந்துத் தூறலே அயல் வளவிலுள்ள மிளகாய், கத்தரி, தக்காளி, பப்பாசி ஆகியவற்றின் குருத்தைச் சுருட்டிவிடும். அந்த அறிகுறியைப் பலர் வைரசு நோய் என்று நினைத்து வேறு மருந்து தேடுவார்கள். தெளிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பும் பின்பும் புல்லை வெட்டுவதில்லை. அதன் பின் வரும் இரண்டு மூன்று வெட்டுகளின் புல்லை ஆட்டுக்கும் கொடுப்பதில்லை, கூட்டெருக் குழியிலும் போடுவதில்லை.

அடுத்தது கோரை. இதைப் பற்றித்தான் நீண்ட அனுபவம் உண்டு, ஏனெனில் எங்கள் தரையில் மிகப் பிடிவாதமானது இதுவே. எம்.சி.பி.ஏ. கோரையின் இலையைக் கருக்கும், ஆனால் கிழங்கைத் தொடாது. சில வாரங்களில் அதே இடத்தில் அதே அடர்த்தியில் முளைக்கும். மண்வெட்டியால் கொத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். கோரையின் கிழங்குகள் நிலத்தடித் தண்டால் ஒன்றோடொன்று சங்கிலியாய்த் தொடுக்கப்பட்டவை, மேலிருக்கும் கிழங்கு கீழுள்ளவற்றை உறங்கவைத்திருக்கும்; சங்கிலி அறுந்தால் உறங்கியவை எல்லாம் தனித்தனியே முளைத்தெழும். கொத்துவதானால் கிழங்குகளை அரித்தெடுத்து நல்ல வெயிலில் பல நாள் காயவைக்க வேண்டும். காய்ந்த கிழங்கு செத்துவிடும், மணல் மண்ணில் அரிப்பதும் எளிது. தரையின் ஓரங்களில் இந்த முறையையே கையாள்கிறேன்.

தரையின் நடுவில் அப்படித் தோண்ட முடியாத இடத்தில் கிளைபோசேற்று என்னும் களைநாசினியைப் பயன்படுத்துகிறேன். இது இலைவழி உறிஞ்சப்பட்டுக் கிழங்குவரை இறங்கக்கூடியது. ஆனால் அறுகையும் கொன்றுவிடும் என்பதால் தெளிக்கமுடியாது. கோரை அறுகைவிட வேகமாக வளர்வது இங்கே உதவுகிறது. புல்லை வெட்டி ஐந்தாறு நாளில் கோரை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தடியின் நுனியில் கட்டிய பஞ்சுத்துணியைக் கலவையில் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, நீட்டியிருக்கும் இலைகளில் மட்டும் தடவுகிறேன். கையுறையும் சப்பாத்தும் அவசியம். பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், உறங்கும் கிழங்குகள் தப்பிவிடும், ஆதலால் ஒவ்வொரு பருவத்திலும் திரும்பச் செய்யவேண்டும். கலக்கும் நீரும் முக்கியமானது. எங்கள் கிணற்று நீர் கேத்தலில் வெண்படலம் விடும் கடின நீர், அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் கிளைபோசேற்றைப் பிணைத்து வலுவிழக்கச் செய்துவிடும். சேற்று நீரும் அப்படியே. சேமித்த மழைநீரில் கலந்தபோது வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது.

இந்த மருந்து நம் நாட்டில் எப்போதும் கிடைத்ததும் அல்ல. சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தினால் 2015இல் இதைத் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள், 2022இல்தான் தடை நீங்கியது. தடைக்காலத்தில் லேபல் இல்லாத போத்தல்களில் விற்கப்பட்டவற்றை நான் தொடவில்லை. உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாத திரவத்தை அளந்து கலப்பது எப்படி? 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவான பொருளா என்று லேபலைப் பார்த்து வாங்குவதே வீட்டுப் பாவனையாளருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு.

புல்லுக்குள் புல்லாய் வரும் களைகளுக்கு, குறிப்பாகக் காலில் குத்தும் முட்காய் விடும் ஒட்டுப்புல்லுக்கு, மருந்தில் வழியில்லை. அறுகைக் காப்பாற்றி அதை மட்டும் கொல்லும் ஒன்று என் கைக்கு வந்ததில்லை. காய்க்குமுன் கையால் பிடுங்குகிறோம்.

இனிப் பசளை. தொட்டாற்சுருங்கியும் சிறுபுள்ளடியும் அவரைக் குடும்பச் செடிகள்; வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாவின் துணையால் காற்றிலிருக்கும் நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்பவை. அறுகுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நைதரசன் குறைந்த மணலில் அறுகு மெலிந்து மஞ்சளாகும்போது அவை செழித்துப் படர்வது இயல்பே. பசளையைக் கூட்டாமல் மருந்தை மட்டும் அடித்துவந்தால், அவற்றுக்கு வசதியான மண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றோடு போராடுவதாகவே அது முடியும்.

நான் இடுவது 4 பேர்ச்சுக்கு அரைக் கிலோ யூரியா, அதில் ஏறத்தாழ 230 கிராம் நைதரசன் இருக்கும். நீர் பாய்ச்சக்கூடிய மாதங்களில் மாதம் ஒருமுறை இந்த அளவே போதும். இலை உலர்ந்திருக்கும் மாலையில் உலர்மணலோடு கலந்து வீசிவிட்டு உடனே நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும். மேற்பரப்பில் கிடக்கும் யூரியா அமோனியாவாகி ஆவியாகிவிடும், ஈர இலையில் ஒட்டினால் புல்லையே சுடும். பொட்டாசியத்துக்காக எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டு) பசளையைச் சிறிதளவு, கோடை தொடங்குமுன், சேர்ப்பதுண்டு. மணல் அதையும் பிடித்துவைக்காது.

பெருமழை மாதங்களில் ஒரு பிடி யூரியாவும் இடுவதில்லை. பண வீணடிப்பு என்பது சிறிய காரணம். எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கிறது, மணலில் கரைந்திறங்கும் நைத்திரேற்று நேரே கிணற்றுக்குத்தான் போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை. அதற்கு மேல் சென்றால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். குழாய்நீர் வந்த பின்பும் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகள் இங்கு உண்டு. கிணற்றைச் சுற்றிப் பல அடி தூரத்துக்கு நான் பசளையும் இடுவதில்லை, மருந்தும் தெளிப்பதில்லை. அங்கு இன்னமும் வெறும் மணல்தான்.

பசளையின் பங்கை எனக்கு உறுதிப்படுத்தியது 2021. அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கினாலும், விலை பல மடங்காகி அடுத்த ஆண்டிலும் யூரியா எட்டாக்கனியாகவே இருந்தது. வயலுக்கே இல்லாதபோது முற்றத்துப் புல்லுக்குத் தேடுவது முறையல்ல என்பதால் நாங்கள் தேடவுமில்லை. மருந்தும் பசளையும் ஒன்றாக நின்றன. ஒரு மாரிக்குள் அறுகு இடைவெளி விட்டு மெலிந்தது, அந்த இடைவெளிகளைச் சிறுபுள்ளடி முழுமையாக மூடியது. பட்டியிலிருந்து வாங்கிய மாட்டெருவை இட்டபோது புல் சற்றுத் தேறியது, ஆனால் அதுவரை கண்டிராத களைகளும் கூடவே முளைத்தன. மேய்ந்த மாட்டின் சாணத்தில் விதை செரியாமல் வருவது புதிய செய்தியல்ல. குவித்து, ஈரமாக்கி, சூடேறும்படி புரட்டி மக்கவைத்த எருவில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பின்னர் பசளை கிடைக்கத் தொடங்கியபோது, மருந்துக்கு முன் அதையே முதலில் இட்டோம். ஒரு கோடைப் பராமரிப்பிலேயே சிறுபுள்ளடி பாதிக்கு மேல் பின்வாங்கியது, எஞ்சியதற்கு மட்டும் எம்.சி.பி.ஏ.யைப் புள்ளி புள்ளியாகத் தெளித்தோம். அன்றிலிருந்து முழுத் தரைக்கும் தெளிக்கத் தேவை ஏற்படவில்லை.

வெட்டும் உயரத்தையும் அதே காலத்தில் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினோம். கோரைக்கு நிழல் ஆகாது; அடர்ந்து சற்று உயர்ந்த அறுகுக்கடியில் அது மெலிகிறது. ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதிருந்தால் அறுகு பச்சையாகவே இருக்கும். மாமர நிழலில் அறுகே வளராது என்பதால் அங்கு எதையும் வற்புறுத்தாமல் மணலாக விட்டுவிட்டோம்.

மெல்பேணிலுள்ள உறவினர் ஒருவர் பசளையும் களைநாசினியும் ஒரே பொதியில் கலந்து வரும் பொருளைப் பரிந்துரைத்து, அனுப்பிவைக்கவும் முன்வந்தார். பதிவில்லாத பீடைகொல்லியை இங்கு கொண்டுவருவது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, எங்கள் நிலத்துக்கு அது பொருந்தாது என்பதே என் எண்ணம். களைக்குரிய காலம் ஆண்டில் ஒருமுறை, புல்லுக்குரிய பசளையோ சிறுசிறு அளவில் பலமுறை. இரண்டையும் ஒன்றாக்கினால் ஒவ்வொரு முறையும் தேவையற்ற மருந்து மணலுக்குள் இறங்கும்.

வீரமுனையில் அக்காவின் வீட்டு முற்றத்தில் இதே முறையை மாற்றிக் கையாள வேண்டியிருந்தது. அது வயலோரத்துக் களிமண். பசளையைப் பிடித்துவைப்பதால் யூரியா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதுமாயிற்று. ஆனால் மாரியில் நீர் தேங்கி நிற்பதால் கோரை இனங்கள் அங்கு அதிகம், ஈரக்களியில் கிழங்கை அரிக்கவும் முடியாது. அங்கு முதலில் செய்தது சிறு வாய்க்கால் வெட்டி நீரை வடியவிட்டதுதான். மருந்துக்கு அத்தான் வயல் தெளிகருவியைத் தர முன்வந்தும், புதிதாய் ஒன்று வாங்கி அதில் சிவப்புப் பெயின்ற் அடித்துப் பூட்டிய பெட்டியில் வைத்தோம். எம்.சி.பி.ஏ. படிந்த தாங்கியால் பின்னர் மரக்கறிக்குப் பூச்சிமருந்து அடித்தால் எஞ்சிய சிறுதுளியே தோட்டத்தைக் கெடுக்கும். கழுவும் நீரைக்கூட வாய்க்காலில் ஊற்றாமல், மருந்து தெளித்த தரையிலேயே சுற்றித் தெளித்துவிடுகிறார்கள்.