அணில் வேட்டைக்கு வாங்கிய ரெட் டாட் போலியாக இருந்தது: ஓர் எச்சரிக்கை

மிசூரி மாநிலத்தில் அணில் வேட்டைக்காக நான் வைத்திருக்கும் .22 ரூகர் மார்க் 4 கைத்துப்பாக்கியில் பொருத்துவதற்கு, சென்ற ஆண்டு இணையச் சந்தை ஒன்றில் ரெட் டாட் எனப்படும், கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கின் மீது வைத்துச் சுட உதவும் குறிநோக்கியை வாங்கி ஏமாற்றப்பட்டேன். கடைகளில் 300 டாலருக்கு விற்கும் பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளை, பெட்டி பிரிக்கப்பட்டது என்று காரணம் சொல்லி 180 டாலருக்குத் தந்தார்கள். 40 டாலர் என்று போட்டிருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நம்பத் தகுந்த தள்ளுபடியாக இருந்ததே வலையாக அமைந்தது.

அணிலைக் கைத்துப்பாக்கியால் சுடுபவர் தலையைத்தான் குறிவைக்க வேண்டும். வயிற்றில் பட்டால் இறைச்சி வீணாவதோடு அந்த உயிரும் நெடுநேரம் துடிக்கும். அந்தத் தலை ஏறத்தாழ ஒன்றரை அங்குலம்தான். புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்னும் கோண அலகில் குறிப்பிடுவார்கள். 25 கஜத் தொலைவில் ஓர் எம்.ஓ.ஏ. என்பது ஏறக்குறைய கால் அங்குலம் என்பதால், 3 எம்.ஓ.ஏ. புள்ளி முக்கால் அங்குலத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளியோ தலை முழுவதையும் மூடிவிடும். பெட்டியில் அச்சிட்டிருந்த எண் 3. ஆனால் 25 கஜத்தில் ஒட்டிய ஒன்றரை அங்குல வட்டம், புள்ளியின் வெளிச்சத்தை மிகக் குறைத்த பின்பும், புள்ளிக்குள் முழுமையாக மறைந்தது. அஸ்டிக்மாடிசம் என்னும் பார்வைக் குறை உள்ளவர்களுக்குப் புள்ளி சிதறிப் பெரிதாகத் தெரியும் என்பதால், முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். கைப்பேசியின் கேமரா வழியாகப் பார்த்தபோதும் அதே அளவுதான் தெரிந்தது. அன்றே அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

முதல் 20 தோட்டாக்கள் ஓரளவு ஒரே இடத்தில் விழுந்ததால் அதை நம்பிக் காட்டுக்குச் சென்றேன். ஹிக்கரி மரமொன்றில் 15 கஜத்தில் அசையாமல் அமர்ந்திருந்த சாம்பல் அணிலின் தலையைக் குறிவைத்துச் சுட்டேன்; குண்டு இடுப்பில் பட்டது. அது இழுத்துக்கொண்டு ஓடிப் பொந்துக்குள் நுழைந்துவிட்டது, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. போன பணத்தைவிட அதுதான் இன்றுவரை என்னை வருத்துகிறது.

மறுநாள் சுடுதளத்தில் பார்த்தபோது குறி 25 கஜத்தில் நான்கு அங்குலம் இடப்புறம் விலகியிருந்தது. குறியைத் திருத்தும் திருகை, ஒரு சொடுக்குக்கு ஓர் எம்.ஓ.ஏ. நகரும் என்ற கணக்கில், நான்கு அங்குலத்துக்காக 16 சொடுக்குகள் திருப்பியும் ஓர் அங்குலமே நகர்ந்தது. அடுத்த ஐந்து குண்டுகளுக்குப் பிறகு வேறு பக்கம் தாவியது. அடித்தளத் திருகுகள் இறுக்கமாகவே இருந்தன. குறிநோக்கியைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியின் சொந்த இரும்புக் குறியால் சுட்டபோது ஐந்து குண்டுகளும் நெருக்கமாக விழுந்தன. இந்தத் துப்பாக்கியில் சுடும்போது உள்ளிருக்கும் போல்ட் மட்டுமே பின்னால் செல்லும், குறிநோக்கி அமர்ந்த மேற்பகுதி அசையாது. மற்றக் கைத்துப்பாக்கிகளில் ஒவ்வொரு சுடலுக்கும் பின்னால் பாயும் மேற்பகுதியான ஸ்லைடின் மீது பொருத்தப்படுபவை வாங்கும் அடியில் சிறு பங்குதான் இதற்குக் கிடைக்கும். அந்தச் சிறு அதிர்வைக்கூடத் தாங்காத பொருளை வேட்டைக்கென்று விற்றிருக்கிறார்கள்.

தொடர் எண்ணையும் படங்களையும் உண்மையான நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்த எண் தங்கள் பதிவேட்டில் இல்லை என்றும், ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்காகச் செய்யப்படும் நகலாகத் தெரிகிறது என்றும் பதில் வந்தது. விற்பனையாளரோ காணொளி கேட்டார், திருகை இறுக்கச் சொன்னார், மின்கலத்தை மாற்றச் சொன்னார். இப்படியே 30 நாட்களைக் கடத்திவிட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று எழுதினார். கடன் அட்டையில் செலுத்தியிருந்ததால், அமெரிக்கச் சட்டப்படி கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்து, நிறுவனத்தின் கடிதத்தையும் இணைத்தேன், பணம் திரும்பியது. விற்பனையாளருடன் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் கெடுவும் போயிருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் பணம் செலுத்தும் முன்பே தொடர் எண்ணின் படத்தைக் கேளுங்கள். அதை நிறுவனத்திடம் சரிபார்க்க ஒரு மின்னஞ்சல் போதும். என்னை ஏமாற்றியவர் இப்போது வேறு பெயரில், அதே படங்களுடன், அதே 180 டாலருக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்.