டி-ரெக்கா, தூண்டப்பட்ட டி செல்லா: எதை நம்புவது?

டி-ரெக் என்பது மற்ற நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும் டி செல். எலியின் டி செல்லில் ஃபாக்ஸ்பி3 என்ற புரதம் இருந்தால் அநேகமாக அது டி-ரெக், வேலை முடிந்தது. மனித ரத்தத்தில் அது நடக்காது. சாதாரண சிடி4 வகை டி செல்லைத் தூண்டிவிட்டால் அதுவும் சிடி25 என்ற மேற்பரப்புப் புரதத்தை ஏற்றிக்கொள்ளும், கொஞ்ச நாளைக்கு ஃபாக்ஸ்பி3-ஐயும் காட்டும். ஆனால் அதனாலேயே அது மற்ற செல்களை அடக்கும் செல்லாகிவிடாது.

முதலில் சிடி25. 1995-ல் ஷிமோன் சகாகுச்சி எலியில் இதை வைத்துத்தான் இந்தச் செல்களைப் பிரித்துக் காட்டினார். மனித மாதிரியை, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிப் பார்த்தால் இரண்டு மேடு தனித்தனியாக நிற்காது, ஒரே சரிவாக இறங்கும். கேட், அதாவது பிரிக்கும் எல்லைக்கோட்டை, எங்கே போடுவது என்பது போடுகிறவர் கையில். தனியாக இதை நம்பவே வேண்டாம்.

2006-ல் சிடி127 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம் சேர்ந்தது பெரிய நிம்மதி. சிடி25 அதிகம், சிடி127 குறைவு என்று பிரித்தால் செல்கள் உயிரோடு கிடைக்கும். அப்போதுதான் எடுத்த ரத்தத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். கல்ச்சரில் தூண்டிய செல்களுக்கு இல்லை, ஏனென்றால் அவையும் சிடி127-ஐக் குறைத்துக்கொள்ளும். வளர்ப்பதற்காகப் பிரிக்கிறீர்கள் என்றால் இன்னும் தூண்டப்படாத செல்களில் இருக்கும் சிடி45ஆர்ஏ என்ற குறியையும் சேர்த்து, அது உள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே தூண்டப்பட்ட சாதாரண செல்கள் பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும்.

உண்மையான போட்டி ஃபாக்ஸ்பி3 சாயத்துக்கும் டிஎஸ்டிஆர் சோதனைக்கும் இடையில்தான். இரண்டுமே செல்லைக் கொன்றுதான் பார்க்கின்றன. சாயம் சீக்கிரம் முடியும், ஒவ்வொரு செல்லாகக் காட்டும், ஆனால் புரதம் இன்றைக்கு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். டிஎஸ்டிஆர் என்பது ஃபாக்ஸ்பி3 மரபணுவுக்குள் இருக்கும் ஒரு பகுதி. நிலையான டி-ரெக்கில் அங்கே டிஎன்ஏ மேல் ஒட்டும் மீத்தைல் குறிகள் நீங்கியிருக்கும், தூண்டப்பட்ட செல்லில் அப்படியே இருக்கும். தூண்டலுக்குப் பிறகு நான் நம்புவது இதைத்தான், மொத்தக் கூட்டத்தின் சராசரியைத்தான் தரும் என்றாலும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களில் ஒரு எக்ஸ் அடங்கிக் கிடப்பதால், முழுக்க டி-ரெக்காகவே இருக்கும் மாதிரியும் ஏறக்குறைய 50 சதவீதம்தான் குறி நீங்கியதாகக் காட்டும். இரண்டால் பெருக்காமல் விட்டால் நல்ல மாதிரியைக் குப்பையில் போட்டுவிடுவோம்.

ஹீலியோஸ் என்ற புரதம் துணைக்கு இருக்கட்டும், தீர்ப்பு சொல்ல அது போதாது.

அப்புறம், மற்ற செல்களோடு சேர்த்து வளர்த்து அவை பெருகுவதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் அடக்கும் சோதனை இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தூண்டப்பட்ட சாதாரண செல்களும், டி செல்கள் பெருகத் தேவையான ஐஎல்-2-ஐ உறிஞ்சித் தீர்த்து, பக்கத்துச் செல்களை அடக்கியதுபோலக் காட்டும். அதனால் அந்தத் தட்டில் தூண்டப்பட்ட சாதாரண செல்களையும் ஒரு வரிசை கட்டாயம் வையுங்கள்.