வத்தலகுண்டு பக்கம் லேப்டாப் சர்வீஸுக்குக் குடுக்குறவங்க இதப் படிச்சுட்டுப் போங்க

கொடைக்கானல் மேல்மலை மன்னவனூர்ல மைக் செட் வச்சுருக்கேன். பூம்பாறை, கூக்கால், பூண்டி, கிளாவரைன்னு சுத்துப்பட்டு ஊர்ல கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு எல்லாத்துக்கும் நம்ம செட்டு போகும். கேசட், சீடி எல்லாம் போயி இப்ப லேப்டாப்புல தான் பாட்டு. 2020ல புதுசா வாங்குனது, எட்டு ஜிபி ரேம் (வேலை நடக்குறப்ப லேப்டாப்பு பயன்படுத்துற மெமரி), நாலு ஜிபி துண்டா ரெண்டு, பில்லுலயே இருக்கு.

போன ஆவணில ஒரு கல்யாணம். தாலி கட்டுற நேரம் கெட்டிமேளம் போட்டா ரெண்டு செகண்டு ஓடி நின்னுருச்சு, மறுபடி ஓடுது, மறுபடி நிக்குது. மாப்பிள்ளை கையில தாலியோட அப்படியே நிமிந்து பாக்குறாரு. பொண்ணோட அப்பா என்னய ஒரு வார்த்தை திட்டல. திட்டிருந்தா கூட பரவால்ல.

மறுநாளே பஸ் ஏறி வத்தலகுண்டு போயி ஒரு கடையில குடுத்தேன், பேரு போடல. போட்டுக் காட்டக்கூட விடல, "சவுண்ட் ஐசி, அதான் உள்ள இருக்குற சவுண்ட் சிப்பு, போயிருச்சு தம்பி, போர்டு வேலை, 4,500 ஆகும்"னு சொல்லிட்டாங்க. நான் பாட்டு விடுறது வெளிய சொருகுற யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியா மிக்சருக்குண்ணேன்னு சொன்னேன், "அதெல்லாம் உள்ள ஒண்ணுதான்"னாரு. நம்பிட்டேன். மூணு நாள் கழிச்சு வாங்கப் போனா பில்லு இல்ல, மாத்துன பழைய ஐசி எங்கண்ணேன்னு கேட்டா குப்பையில போட்டாச்சாம். "நம்ம கடை தான தம்பி, எப்ப வேணா கொண்டு வா"ன்னாரு. ஜிபேல காசு அனுப்பிட்டு மலையேறிட்டேன்.

வீட்டுல போட்டா அதே மாதிரி நிக்குது. இன்னும் மோசமா, ஒரு பாட்டு திறக்கவே நேரமாகுது.

என் மச்சான் திண்டுக்கல்ல படிக்கிறான், லீவுக்கு வந்தவன் டாஸ்க் மேனேஜர் திறந்து மெமரிய காட்டுறான், 4 ஜிபி தான் இருக்கு, கீழ ரேம் சொருகுற ஸ்லாட் ரெண்டுல ஒண்ணு மட்டும் யூஸ்ல இருக்குன்னு போட்டுருக்கு. ஒரு ரேமை உருவிட்டாங்க. எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு, ஏன்னா இது திருட்டு, வேற பேரு கிடையாது.

அவன் தான் வெவரமா சொன்னான். இன்பில்ட் சவுண்ட் ஐசி போனா சத்தமே வராது இல்ல கரகரன்னு வரும், அதோட யூஎஸ்பி கார்டுக்குள்ளயே தனியா சவுண்ட் சிப் இருக்கு, உள்ள இருக்குற ஐசிக்கும் நான் விடுற பாட்டுக்கும் சம்பந்தமே இல்ல. பாட்டு ஒரு செகண்டுக்கு 44,100 துண்டா போகுதாம், கம்ப்யூட்டர் அதுல கொஞ்சத்த முன்கூட்டியே பஃபர்ல நிரப்பி வச்சுக்கிட்டு விடுது, நடுவுல ஏதாவது ஒரு டிரைவர் (வைஃபை மாதிரி ஒரு பாகத்த இயக்குற சாஃப்ட்வேர்) ப்ராசசரை கொஞ்ச நேரம் புடிச்சு வச்சுக்கிட்டா பஃபர் காலியாகி பாட்டு நின்னுரும். எந்த டிரைவர் இப்படி புடிச்சு வைக்குதுன்னு காட்டுற லேட்டன்சிமான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு ஓடவிட்டான், அஞ்சு நிமிசத்துல செவப்பு கோடு, நெட்வொர்க் டிரைவர்ல கொண்டு போயி நிறுத்துச்சு. நான் போன் ஹாட்ஸ்பாட்ட ஆன் பண்ணி பாக்கெட்ல வச்சுக்கிட்டு குழாய் கட்ட போயிருவேன், லேப்டாப்பு வைஃபைய தேடிக்கிட்டே கெடக்கும், அது தேடுறப்பலாம் பாட்டு நின்னுருக்கு. வைஃபைய ஆஃப் பண்ணான். ஒரு மணி நேரம் ஓடுச்சு, ஒரு எடத்துல கூட நிக்கல. அப்புறம் லேப்டாப் கம்பெனி சைட்ல வைஃபை டிரைவர் எடுத்துப் போட்டான். செலவு ஒண்ணும் இல்ல.

உங்களுக்கு இப்படி பாட்டு நின்னு நின்னு ஓடுனா கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, மொதல்ல அதே பாட்ட திரும்ப போடுங்க, ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல நின்னா அந்த ஃபைல் கெட்டுருக்கு, எடம் மாறி மாறி நின்னா மெஷின்ல தான் கோளாறு. பென் டிரைவ்ல இருந்து நேரா ஓட்டுறவங்க டிஸ்க்குல காப்பி பண்ணி ஓட்டிப் பாருங்க. சார்ஜர் கழட்டுனா மட்டும் நிக்குதா, அப்ப பேட்டரி சேவர். யூஎஸ்பி கார்டுன்னா பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி சஸ்பெண்ட ஆஃப் பண்ணுங்க. கடைக்கு குடுத்தே ஆகணும்னா ரேம் எவ்ளோ, எத்தனை ஸ்லாட்டுன்னு ஸ்க்ரீன போட்டோ எடுத்துக்கிட்டு, வேலைச் சீட்டுல அதை எழுதி வாங்கிட்டு குடுங்க. நான் எழுதி வாங்கல.

திரும்பிப் போயி கேட்டேன். "ஒன்னோடதுல முதல்லயே நாலு தான்"னு கூசாம சொல்றாரு. வாங்குன பில்ல காட்டுனேன், நடுவுல நீயே வித்துருப்பன்னு சொல்லிட்டாரு, கடையில நாலு பேரு நிக்கிறாங்க. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சுருக்கேன், வாங்குன பில்லு, ஜிபே ரசீது ரெண்டும் எடுத்து வச்சுருக்கேன்.

ஆனா காசும் ரேமும் கூட போகட்டும். என்னய கேக்காமலே ஃபார்மட் அடிச்சுருக்காங்க. பாட்டு எல்லாம் டி டிரைவ்ல இருந்ததால தப்பிச்சுச்சு, டெஸ்க்டாப்புல வச்சுருந்த ஒரு ஃபோல்டர் போயிருச்சு. எங்க ஊரு அப்பத்தாமாரு பாடுன கும்மிப்பாட்டு, நானே மைக்க புடிச்சு பதிஞ்சது, மொத்தம் பதினொண்ணு. அதுல பாடுன ரெண்டு பேரு இப்ப உயிரோட இல்ல. மச்சான் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு மூணு மீட்டான், அதுல ஒண்ணு பாதியில நிக்குது.

அத அப்ப வாட்ஸப்புல சில பேருக்கு அனுப்புனேன், யாருக்குன்னு சரியா ஞாபகம் இல்ல, போனும் மாத்திட்டேன். கூக்கால், பூண்டிப் பக்கம் யாரு போன்லயாவது அந்த கும்மிப்பாட்டு கெடந்தா அழிச்சுறாதீங்க. எனக்கு சொல்லி விடுங்க, பென் டிரைவ எடுத்துக்கிட்டு நானே வந்து வாங்கிக்கிறேன்.