பெட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ், உள்ளே 30கூட இல்லை

டச் ஸ்கிரீன் வைத்த மலிவு ஆசிலோஸ்கோப் (மின் சிக்னலை அலையாக வரைந்து காட்டும் கருவி) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில். பெட்டி மேல் ‘2 சேனல், 100 மெகாஹெர்ட்ஸ், 1 ஜிகாசாம்பிள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 100 மெகாஹெர்ட்ஸ் என்பது பேண்ட்விட்த், அதாவது எவ்வளவு வேகமான சிக்னல் வரை ஸ்கோப் ஒழுங்காகக் காட்டும் என்பது. 1 ஜிகாசாம்பிள் என்பது நொடிக்கு நூறு கோடி முறை அளப்பது. கடைக்காரர் ப்ரோபை (சிக்னலைத் தொட்டு எடுக்கும் வயர்) ஸ்கோப்பின் காலிபரேஷன் பின்னிலேயே மாட்டி, “பாருங்க சார், கத்தி மாதிரி ஸ்கொயர் வேவ்!” என்றார். அந்தப் பின்னில் வருவது வெறும் 1 கிலோஹெர்ட்ஸ். 200 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் உள்ள டிஎஸ்ஓ138 என்ற குட்டி ஸ்கோப் கிட்டில்கூட அது சதுரமாகத்தான் தெரியும். இந்த டெமோவை நம்பி யாரும் பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஒரு எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் எஸ்பிஐ (கிளாக் வயரின் தாளத்துக்கு டேட்டா அனுப்பும் முறை) டிஸ்ப்ளே அடிக்கடி குப்பையாகக் காட்டிக்கொண்டிருந்தது. புது ஸ்கோப்பில் கிளாக் வழவழவென்று சுத்தமாகத் தெரிந்ததால் கோடிங்கில்தான் கோளாறு என்று அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். நண்பர் வேலை பார்க்கும் கல்லூரி லேபில் அதே வயரை ஒரு நிஜ 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு எட்ஜிலும் (சிக்னல் சட்டென்று ஏறும், இறங்கும் இடம்) ரிங்கிங், அதாவது மணி அடித்தது போன்ற அதிர்வு, ஆடுகிறது! கிளாக் லைனில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டதும் டிஸ்ப்ளே சரியாகிவிட்டது. இல்லாததைக் காட்டும் கருவியைக்கூட எப்படியாவது பிடித்துவிடலாம். இருப்பதை மறைப்பதைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

பிறகு 74ஏசி14 என்ற வேகமான லாஜிக் ஐசி வைத்து வேகமான எட்ஜ் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ரைஸ் டைம் (எட்ஜ் ஏற எடுக்கும் நேரம்) 3.5 நானோசெகண்ட் பக்கம் வர வேண்டும். வந்தது 12. கணக்கு சுலபம்: 0.35ஐ ரைஸ் டைமால் வகுத்தால் பேண்ட்விட்த். அதாவது 29 மெகாஹெர்ட்ஸ். 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டரின் ஸ்கொயர் வேவ் இதில் அச்சு அசல் சைன் வேவாகத் தெரிகிறது.

கடைக்குப் போனேன். “ப்ரோப் 1எக்ஸில் இருந்திருக்கும் சார்.” 1எக்ஸில் (சிக்னலைக் குறைக்காமல் அப்படியே அனுப்பும் நிலை) வைத்தால் சாதாரண ப்ரோப் 6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே படுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நான் சோதித்தது 10எக்ஸில் (பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பும் நிலை), நீள கிரவுண்ட் வயரைக் கழற்றி ஸ்பிரிங் மாட்டி, லேபின் நல்ல ப்ரோபோடு. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: “வித்த பொருளைத் திரும்ப எடுக்கறதில்ல.” பில் என்று தந்திருந்ததும் துண்டுச் சீட்டுதான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் சாம்பிளிங் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ரியல் டைமா (ஒரே ஓட்டத்தில் எடுப்பதா, பல ஓட்டங்களைச் சேர்த்துக் கணக்கிட்டதா), எல்லா சேனலும் ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, ரைகால் டிஎஸ்1054இசட் ஸ்கோப் 50 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு சேனல் மட்டும் ஓடினால் 1 ஜிகாசாம்பிள், நான்கும் ஓடினால் 250 மெகாசாம்பிள் என்று அதன் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. கையில் ஒரு 74ஏசி14 போர்டு கொண்டுபோய், கடையிலேயே எட்ஜை அளந்து காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை.