500 கிலோமீட்டர் கணக்கு: புது டயரோடு 16 மாதம்

புதுச்சேரியை அடுத்த பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய சாலை. காலை 6 மணி, காய்ந்த தார், வேகம் 45க்கு மேல் இல்லை. அந்த வளைவில் என் காரின் பின்பக்கம் ஒரு சாண் விலகியது. டாஷ்போர்டில், வழுக்கலைத் தடுக்கும் அமைப்பின் மஞ்சள் விளக்கு ஒருமுறை கண்ணடித்தது, கார் தானே நேரானது. புது டயர் மாட்டி 380 கிலோமீட்டர் ஆகியிருந்தது. "புது டயர் பழக 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போதும்" என்று எல்லோரும் சொல்லும் கணக்கில் முக்கால் பங்கு முடிந்ததே என்ற தைரியத்தில் கொஞ்சம் மிதித்திருந்தேன்.

கார் 2014 மாடல் போர்ஷே கேமன். இரண்டாம் கையாக வாங்கியது. எஞ்சின் நடுவில் இருக்கிறது, இழுவிசை பின்சக்கரங்களுக்குப் போகிறது. 2024 ஜூலையில் நான்கு டயரையும் மாற்றினேன்: மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், முன்னால் 235/40, பின்னால் 265/40 (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்), ரிம் 19 அங்குலம். விலையைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள விருப்பமில்லை.

வாங்கும்போதே பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்துவிடுங்கள். 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. எனக்கு வந்த நான்கில் ஒன்று மட்டும் 2022. "ரப்பர் கெட்டா போகும் சார்?" என்றார் கடைக்காரர். கெடாதென்றால் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறு டயர் வர மூன்று நாள் ஆனது.

டயர் ரிம்மில் எளிதாக ஏறுவதற்குச் சோப்புக் கரைசல் தடவுவார்கள். அது காய்வதற்குள் அழுத்திப் பிரேக் பிடித்தாலோ சீறிக் கிளம்பினாலோ டயர் ஒரு பக்கம், ரிம் ஒரு பக்கம் என்று சற்றே நழுவிவிடும். இதைக் கேள்விப்பட்டிருந்ததால் நான்கு சக்கரத்திலும் டயரையும் ரிம்மையும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தேன். மறுநாள் குனிந்து பார்த்தால் மூன்று கோடுகள் போட்டபடியே இருந்தன. பின்வலது மட்டும் இரண்டு துண்டாக, ஒரு விரற்கடை தள்ளி நின்றது. முதல் நாளே முருங்கப்பாக்கம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்திய புண்ணியம்! வேகமெடுத்தால் இருக்கைக்கு அடியில் மெல்லிய நடுக்கம் வேறு. மறுபடி பேலன்சிங் செய்த பிறகுதான் நின்றது. அப்படியே சக்கர போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) வைத்து 160 நியூட்டன் மீட்டருக்குச் சரிபார்த்துக்கொண்டேன்.

இனி அந்த வழுக்கலுக்கு வருகிறேன். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவதுபோல, டயர் அச்சில் ஒட்டாமல் வர ஒரு பூச்சு உண்டு. அதன் மிச்சமும் அச்சு தந்த வழவழப்பும் சேர்ந்த மேல்தோல் தேயும்வரை முழுப் பிடிப்பு வராது. போதாததற்கு, 7.5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் புது டிரெட் (சாலையைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பர்) வளைவில் கொஞ்சம் நெளியும். இதெல்லாம் தெரிந்துதான் 380 கிலோமீட்டரும் பூப்போல ஓட்டியிருந்தேன். எங்கே ஓட்டினேன் என்பதில்தான் கோட்டை விட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு, மரக்காணம், அங்கே உப்பளம் பார்த்துத் திரும்பல். எல்லாமே நேர்சாலை.

ஏரிக்கரையில் இறங்கி டயரைத் தடவிப் பார்த்தேன். நடுப்பகுதி மங்கிப்போய் உப்புத்தாள்போலச் சொரசொரத்தது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கடையில் பார்த்த அதே பளபளப்பு. ரப்பர் முடிகள்கூட உதிராமல் விறைத்து நின்றன. நடுப்பகுதி 380 கிலோமீட்டர் ஓடியிருந்தது, ஓரம் கடையைவிட்டே கிளம்பவில்லை. ஆகவே மீட்டரை நம்பாதீர்கள். குனிந்து ஓரத்து முடியைப் பாருங்கள்.

நம் பக்கம் வளைவுக்கு எங்கே போவது? புதுச்சேரியிலிருந்து கடலூர்வரை நிலம் தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் கிருமாம்பாக்கம், பாகூர் உட்சாலைகள் வரப்பைச் சுற்றி, ஏரியைச் சுற்றி நெளிகின்றன. புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் மாறி மாறி வரும் அந்தப் பகுதியில் சாலையின் தரம் மாறுவதை டயர் சத்தத்திலேயே கேட்கலாம். இரண்டு ஞாயிறு அங்கேயே மிதமான வேகத்தில் சுற்றினேன். அறுவடைக் காலத்தில் இதைச் செய்ய முடியாது. பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். மீட்டர் 700ஐத் தாண்டியபோதுதான் ஓரத்துப் பளபளப்பு போனது. பிறகு அதே வளைவில் அதே வேகத்தில் போனேன், மஞ்சள் விளக்கு வரவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் கொட்டியபோது கார் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் உயரமான முகப்பில் பத்திரமாக நின்றது. தண்ணீர் வடிந்தபின் முதல் ஓட்டத்திலேயே பின்டயரில் ஆணி. நல்லவேளை, டிரெட்டின் நடுவில். உள்பக்கமிருந்து ஒட்டும் காளான் பஞ்சர் போட்டேன், இன்றுவரை காற்று இறங்கவில்லை. மற்றபடி ஈரச்சாலையில் பிரேக் அருமை. தேங்கிய நீரில் மட்டும் 265 அகலம் மிதக்கத்தான் பார்க்கும், வேகத்தைக் குறைக்காமல் வழியில்லை.

ஒரு மே மாத மதியம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் காற்று பார்த்த பையன், 38 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காட்டுகிறதே என்று நல்லெண்ணத்தில் 33க்கு இறக்கிவிட்டான். மறுநாள் காலை காற்று குறைவு என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தது. 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும், அதைக் குறைக்கக் கூடாது. ஓடுவதற்கு முன், குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும்.

குறை என்றால் சத்தம்தான். ஜல்லி துருத்திய சாலையில் பாட்டுக் கேட்க முடியாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிய அன்று மட்டும் அந்தச் சத்தத்தை மன்னித்தேன்.

இப்போது 11,000 கிலோமீட்டர். மிச்ச டிரெட் முன்னால் 5.8 மில்லிமீட்டர், பின்னால் 4.5, பின் உள்ளோரத்தில் 4.2. முன்பின் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட வழியில்லை. 2.5 வந்ததும் பின்ஜோடியை மாற்றிவிடுவேன், 1.6வரை இழுத்தால் ஐப்பசி மழை சும்மா விடாது. அப்போது முன்னால் பழகிய டயர் பிடித்து நிற்கும், பின்னால் புதிது வழுக்கும். இந்த முறையைவிட மோசமான சேர்க்கை அது. அதனால் அடுத்த ஆடிக்குள், சாலை காய்ந்திருக்கும்போதே மாட்டிவிட்டு, சாக்பீஸ் கோடு நகராமல் ஒரு நாள் ஓட்டியபின் நேராகப் பாகூர்தான்.