நான்கு வருடமாக வீட்டிலேயே காரி: துருவி, புளிக்க வைத்து, வறுத்த அனுபவம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது அடுப்புக்கரியும் இல்லை, கடையேழு வள்ளல்களில் வரும் காரியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, பிழிந்து, சலித்து, வறுத்து எடுக்கும் குருணை மாவுக்கு நைஜீரியாவில் காரி என்று பெயர். கொதிநீரில் கிளறினால் ஏபா என்ற களி ஆகிவிடும். தனியாக வேக வைக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் போட்டு, சர்க்கரையும் வேர்க்கடலையும் சேர்த்துக் குடிப்பதும் உண்டு. மதிய வெயிலுக்கு அதுதான் எனக்குப் பிடித்தது.

நான் ஆத்தூர்ப் பக்கம். குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவள். எங்கள் ஊர் சேகோ ஆலையில் கிழங்கை அரைத்துப் பாலை எடுத்து, படிந்த மாவில் ஜவ்வரிசி செய்வார்கள். மிஞ்சும் திப்பி மாட்டுக்குப் போகும். வீட்டுக்காரரின் வேலைக்காக நைஜீரியாவின் இபாடான் நகருக்கு வந்தபோது இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. வடிகிற தண்ணீரைக் கீழே விடுகிறார்கள், திப்பியையும் மாவையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள்!

சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு மாமா. மாமா என்றால் இங்கே அம்மா வயதுப் பெண்மணி. அறுபது வயது அம்மாளை “மாமா” என்று கூப்பிட முதல் மாதம் எனக்கு நாக்கு கூசியது.

முதல் தடவை செய்தது பெரிய சொதப்பல். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியில் தண்ணீர் விட்டு அரைத்தேன். தோசை மாவு மாதிரி ஆகிவிட்டது. பிழியப் பிழிய மாவெல்லாம் துணி வழியே ஓடியது, மிஞ்சியது வாணலியில் அப்பிக்கொண்டது. மாமா பார்த்துவிட்டு, தகரத்தில் ஆணியடித்துச் செய்த துருவியைத் தந்தார். அதில் விரல் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டாவது வருடத்திலிருந்து தோல் சீவுவதோடு சரி, துருவுவதைத் தெருக்கோடி மில்லில் கொடுத்துவிடுகிறேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிழங்கு வாங்கிய அன்றே வேலையைத் தொடங்க வேண்டும். தோண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடுகள் ஓடிவிடும். மேலே உள்ள பழுப்புத் தோலோடு, அதன் அடியில் இருக்கும் தடித்த வெள்ளைப் பட்டையையும் உரித்தாக வேண்டும். நச்சுத்தன்மை அதில்தான் அதிகம்.

சரி, நச்சு என்றதும் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு முழுசாக இருக்கும்வரை அது ஒரு பக்கம், அதை உடைக்கும் நொதி வேறொரு பக்கம். துருவும்போது இரண்டும் கலந்து, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிழிநீரோடும், ஒரு பகுதி வறுக்கும் ஆவியோடும் போய்விடும். இதெல்லாம் நடக்க நேரம் வேண்டும், அதனால்தான் துருவலை நனைந்த சாக்கில் நாள்கணக்கில் வைக்கிறார்கள். வெறும் புளிப்புக்காக மட்டும் இல்லை. காரியில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கக் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தரநெறி. வீட்டில் அதை அளக்க முடியாது. நம்மால் முடிந்தது, நாளைக் குறைக்காமல் இருப்பதுதான். 1981-ல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது, கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்தப் பொறுமையில்லாத பசியில் சாப்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் முடங்கிப்போனது. கோன்சோ என்கிற அந்த நோய் வந்த கால் பழையபடி ஆவதில்லை.

பிழிநீரின் வேகத்தை என் வீட்டுத் துளசி சொல்லும். தொட்டிக்குப் பக்கத்திலேயே சாக்கை வைத்திருந்தேன். இரண்டே வாரத்தில் கருகிப்போனது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் செய்யும் முறை இதுதான். துருவலைப் பிளாஸ்டிக் நெசவுச் சாக்கில் கட்டி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே தண்ணீர் நிரப்பிய இருபது லிட்டர் கேன். மில்லில் இதற்கு லாரி ஜாக்கியே வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் எனக்குச் சரியான புளிப்பு. இஜெபு காரி என்று இங்கே கொண்டாடுகிற வகை இன்னும் அதிக நாள் புளித்தது, பொடிசாக இருக்கும், குடிப்பதற்கென்றே வாங்குவார்கள். கடையில் வாங்கும்போது புளிப்பு நம் கையில் இல்லை. நான் இத்தனை வருடமாக விடாமல் செய்வதற்கு அதுதான் காரணம்.

நாலாம் நாள் கட்டியை உதிர்த்துச் சலிக்க வேண்டும். பதம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் வறுக்கும்போது உருண்டை உருண்டையாகிவிடும், குறைந்தால் மாவாகப் பறக்கும்.

வறுப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. அகலமான இரும்பு வாணலியில் இரண்டு மூன்று கைப்பிடி மட்டும் போட்டு, மிதமான தீயில், விடாமல் தேய்த்துத் தேய்த்துக் கிளற வேண்டும். மாமா கரண்டியே தொடமாட்டார், சுரைக்குடுவைத் துண்டால்தான் அழுத்துவார். பாதி வெந்து பாதி உலர்வதால்தான் அது குருணையாகிறது. அந்த ஆவி கண்ணைக் கரிக்கும், மூடிய சமையலறையில் செய்யவே கூடாது. நான் பின்வாசலில் ஒற்றை அடுப்பு போட்டுவிட்டேன். கடைசி ஈட்டில் ஒரு கரண்டி செம்பனை எண்ணெய் விட்டால் மஞ்சள் காரி. அது ஏபாவுக்கு நன்றாக இருக்கும், குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இருபது கிலோ கிழங்கு வாங்கினால் நாலு, நாலரை கிலோ காரி தேறும். கேஸ், மில் கூலி, என் இடுப்பு வலி எல்லாம் சேர்த்தால் சந்தையில் கோங்கோ என்ற அளவுக் கிண்ணத்தில் அளந்து வாங்குவது மலிவு. மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம்.

வைப்பதில் ஒரு தடவை ஏமாந்தேன். மழைக்காலத்தில் சூடு ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்துவிட்டேன். மூடிக்குள் வியர்த்து, பத்து நாளில் பூசணம். மொத்தமும் குப்பைக்குப் போனது. நன்றாக வறுத்து, ஆற வைத்து, எவர்சில்வர் தூக்கில் போட்டது ஆறு மாதம் தாண்டியும் மொறுமொறுவென்று இருந்தது. மூடி இறுக்கமாக இருப்பது இங்கே சுவைக்காக மட்டும் இல்லை. எலி மூலம் பரவும் லாசா காய்ச்சல் உள்ள நாடு இது.

லாஃபூன் என்ற மாவையும் ஒரே ஒரு முறை செய்து பார்த்தேன். கிழங்கை நாலு நாள் ஊற வைத்து, மசித்து, காய வைத்து அரைப்பது. வறுக்கும் வேலை இல்லாவிட்டாலும் ஊறும்போது வீசுகிற நாற்றத்தை எங்கள் வீடு தாங்கவில்லை. அதைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

ஏபாவுக்கு எகுசி விதைக் குழம்புதான் முறை. அப்புறம், வற்றல் குழம்பும் அட்டகாசமாகப் பொருந்துகிறது, ஆனால் மாமாவுக்கு அந்தக் கலவை பிடிக்கவில்லை. காரியை மட்டும் போன வாரம் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஒரு டம்ளர் மூன்று டம்ளராக ஊதியது. “வறுத்தது பரவாயில்லை, புளிப்பு இன்னும் ஒரு நாள் வேண்டும்” என்று சொல்லிவிட்டு, ஒரு கோங்கோ அளந்து எடுத்துக்கொண்டு போனார்.